தேடுவோர்: ஒரு கௌபோய் படமும் அதைப் பார்த்தவர்களும்

ஜோன் ஃபோர்ட் இயக்கிய 'த சேர்ச்சர்ஸ்' 1956இல் வெளிவந்தது. அதற்கு ஒஸ்கார் பரிந்துரை எந்தவொரு பிரிவிலும் கிடைக்கவில்லை. ஜோன் வெய்ன் குதிரையில் வருகிறார், செவ்விந்தியர்களைத் துரத்துகிறார், சுடுகிறார். நல்லதொரு கௌபோய் படம் என்று பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அதே படம் 2012இல் 'சைட் அன்ட் சவுண்ட்' சஞ்சிகை உலக விமர்சகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் 7ஆம் இடத்துக்கு வந்தது. 2022இல் 15ஆம் இடம். இடைக்காலத்தில் படத்தின் ஒரு சட்டகமும் மாறவில்லை. பார்க்கிறவர்கள் மாறிவிட்டார்கள். இப்படத்தைப் பற்றி எழுதிக் குவிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றிச்சுற்றி வருகிறது: இது இனவெறியைப் பற்றிய படமா, இல்லை இனவெறிப் படமா? ஃபோர்டின் மனதுக்குள் புகுந்து பார்த்தால்தான் அந்த வழக்கு தீரும். எனக்கு அதில் அக்கறை இல்லை. இப்படத்தைப் பார்க்கிறவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் வாயடைத்துப் போகிறார்கள், எதுவரை கதாநாயகனோடு கூடவே போகிறார்கள் என்பதுதான் என் அக்கறை. அதிலும் மட்டக்களப்பு வாவியின் கரையில் இருந்து பார்க்கிறவர்கள்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதை. 1868, டெக்சாஸ். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தில் நின்ற ஈதன் எட்வர்ட்ஸ் (ஜோன் வெய்ன்) மூன்று வருடங்கள் கழித்துத் தம்பி வீட்டுக்கு வருகிறான். தம்பி மனைவி மார்த்தாமீது அவனுக்கு ஒரு பழைய காதல் உண்டு. படம் அதை ஒரு வார்த்தையிலும் சொல்லாது, அவள் அவனுடைய மேலங்கியைத் தடவி மடித்து வைக்கிற விதத்தில் காட்டிவிடும். கொமாஞ்சிகள் மாடுகளைக் களவாடுகிறார்கள். ஆண்கள் மாடுகளைத் தேடிப் போன வேளையில் வீடு எரிகிறது. தம்பி, மார்த்தா, ஆண்பிள்ளை எல்லோரும் கொல்லப்படுகிறார்கள். இரண்டு பெண்பிள்ளைகளும் கடத்தப்படுகிறார்கள். மூத்தவள் பிணமாகக் கிடைக்கிறாள். சின்னவள் டெபியைத் தேடி ஈதன் வருடக்கணக்காக அலைகிறான். கூடவே வருபவன் அந்த வீட்டில் வளர்ந்த மார்ட்டின். அவனது உடம்பில் எட்டில் ஒரு பங்கு செரோக்கி இரத்தம். தேடல் நீள நீள ஒன்று துலங்குகிறது. ஈதன் டெபியை மீட்பதற்காகத் தேடவில்லை. கொமாஞ்சித் தலைவன் ஸ்காரின் மனைவியாகிவிட்ட அவளைக் கொல்வதற்காகத் தேடுகிறான். மார்ட்டின் கூடவே அலைவது அதைத் தடுப்பதற்காக.

1956இன் பார்வையாளர் இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்குப் படத்துக்குள்ளேயே ஒரு சாட்சியம் இருக்கிறது. கம்பளி வியாபாரம் பேசப்போய், தெரியாத்தனமாக மார்ட்டின் ஒரு கொமாஞ்சிப் பெண்ணை மனைவியாக வாங்கிவிடுகிறான். 'லுக்' என்று அவளுக்குப் பெயராகிவிடுகிறது. இரவில் அவள் அவன் பக்கத்தில் வந்து படுக்க, அவன் காலால் எட்டி உதைக்கிறான். அவள் மேட்டிலிருந்து உருண்டு விழுகிறாள். ஈதன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பார்வையாளரும் சிரிக்க வேண்டும் என்றே அந்தக் காட்சி கட்டப்பட்டிருக்கிறது. சில காட்சிகளுக்குப் பிறகு குதிரைப்படை அழித்துவிட்டுப் போன ஒரு குடியிருப்பில் லுக் செத்துக் கிடக்கிறாள். சற்று முன் சிரித்த வாயை என்ன செய்வது? ஃபோர்ட் திட்டமிட்டே இப்படி அடுக்கினார் என்று அவருடைய பக்தர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த உதைக்குப் படம் எங்கும் விலை கொடுக்கவில்லை. மார்ட்டின் நல்லவனாகவே போய்ச் சேருகிறான்.

ஐரோப்பாவில் வேறு விதமான பார்வையாளர்கள் உருவானார்கள். பரி கோல்ட்வோட்டரை ஆதரிக்கிற ஜோன் வெய்னை வெறுக்கிற நான், கடைசியில் அவர் நடலி வூட்டைக் கையில் தூக்கும்போது எப்படி அவரை நேசித்துவிடுகிறேன் என்று கோடார் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஒரு இடதுசாரிப் பார்வையாளரின் நேர்மையான குழப்பம் அது. வெய்ன் பிறகு 1971இல் கொடுத்த பத்திரிகைப் பேட்டியில், செவ்விந்தியரிடமிருந்து நாட்டைப் பறித்ததில் பிழையேதும் இல்லை என்ற கருத்தைப் பச்சையாகவே சொன்னார். ஆகவே ஈதன் வேறு வெய்ன் வேறு என்று பிரித்துப் பார்ப்பது அவ்வளவு சுலபமல்ல. (செவ்விந்தியர் என்ற பெயரே ஒரு பிழையின் மேல் ஏறிய பிழை. ஆனாலும் தமிழில் அது ஊன்றிவிட்டது. கொமாஞ்சி, நவஹோ என்று குலப்பெயர் தெரிந்த இடத்தில் அதையே எழுதுகிறேன்.)

சரி, செவ்விந்தியர்களே இப்படத்தை எப்படிப் பார்த்தார்கள்? இங்குதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஜோஎலன் ஷைவ்லி என்ற சமூகவியலாளர், செவ்விந்தியருக்கென ஒதுக்கப்பட்ட பிரதேசத்திலுள்ள ஒரு சிறு நகரில் 20 செவ்விந்திய ஆண்களுக்கும் 20 வெள்ளை ஆண்களுக்கும் தனித்தனியாக, நண்பர் குழுக்களாக, இதே 'த சேர்ச்சர்ஸ்' படத்தைப் போட்டுக்காட்டி விபரம் கேட்டார். 1992இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இரண்டு தரப்புக்கும் படம் பிடித்திருந்தது. இரண்டு தரப்பும் ஜோன் வெய்னோடும் மார்ட்டினோடும்தான் தம்மை இனங்கண்டன. ஸ்காரின் பக்கம் ஒருவரும் போகவில்லை, செவ்விந்தியர்கள் உட்பட. காரணங்களில்தான் வித்தியாசம். வெள்ளையர்கள் படத்தைத் தங்கள் முன்னோரின் மெய்யான சரித்திரமாகப் பார்த்தார்கள். செவ்விந்தியர்களோ அது கட்டுக்கதை என்று தெரிந்துகொண்டே, திறந்த வெளியையும் யாருக்கும் கட்டுப்படாத வாழ்வையும் அதில் ரசித்தார்கள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த செவ்விந்திய மாணவர்களிடம் கேட்டபோது பதில் வேறாக இருந்தது. அவர்கள் எரிச்சலோடு பார்த்தார்கள். கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் 1965இல் கேம்பிரிட்ஜ் விவாதமொன்றில் இதே அனுபவத்தைப் பேசியிருக்கிறார்: கெரி கூப்பர் செவ்விந்தியரைக் கொல்லும்போது அவர் பக்கம் நின்று ஆரவாரித்த சிறுவனுக்கு, அந்தச் செவ்விந்தியன் தான்தான் என்று ஒருநாள் விளங்குகிற அதிர்ச்சி.

இன்னொரு வகைப் பார்வையாளரும் உண்டு. டோனி ஹில்லர்மன் 1993இல் எழுதிய துப்பறியும் நாவல் ஒன்றில், ஃபோர்டின் 'ஷையென் ஓட்டம்' படத்தை நவஹோ மக்கள் கார்களில் இருந்தபடி பார்த்துச் சிரிப்பார்கள். ஷையென்களாக நடித்த நவஹோக்கள், கம்பீரமாகத் தலைநிமிர்ந்து நவஹோ மொழியில் பேசும் வசனங்கள் உண்மையில் ஊத்தைப் பேச்சு. வெள்ளைப் பார்வையாளருக்கு அது வீர வசனம். தங்களை வைத்து எடுக்கப்பட்ட படத்துக்குள் தங்களுக்கு மட்டும் விளங்குகிற இன்னொரு படத்தை அவர்கள் ஒளித்துவைத்துவிட்டார்கள். நாவல்தான்; ஆனாலும் பார்வையாளர் குறித்த எத்தனையோ கோட்பாட்டுக் கட்டுரைகளைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

நம்மிடம் கௌபோய் எப்படி வந்து சேர்ந்தான்? எனக்கு முந்திய தலைமுறை கல்லடிப் பாலத்தைச் சைக்கிளில் கடந்து மட்டக்களப்பு நகரத்துத் தியேட்டர்களுக்குப் போன தலைமுறை. கர்ணனின் 'கங்கா', 'ஜக்கம்மா' (இரண்டும் 1972), ஜெய்சங்கரின் தொப்பி, குதிரை, துப்பாக்கி. அந்தப் படங்களில் கௌபோய்க்குரிய எல்லாம் இருந்தன. செவ்விந்தியர் மட்டும் இல்லை. ஹொலிவூட்டிலிருந்து பழிவாங்கலை எடுத்துக்கொண்டு, யார் மண்ணில் நின்று யாரைப் பழிவாங்குவது என்ற சங்கடமான கேள்வியைத் தமிழ்ப்படம் கழித்துவிட்டது. என் தலைமுறைக்குச் சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ். அதில் டெக்ஸ் வில்லர், இத்தாலியில் 1948இல் பிறந்த கௌபோய், நவஹோ தலைவரின் மகளைக் கட்டி நவஹோக்களுக்கே தலைவனாகி, 'இரவுக் கழுகு' என்று பெயர் பெற்றவன். ஈதன் எட்வர்ட்ஸ் அவனைக் கண்டிருந்தால் சுட்டிருப்பான். நாங்கள் டெக்ஸை வாசித்துவிட்டு ஜோன் வெய்னிடம் போனோம் என்பது சின்ன விஷயமல்ல என்றே நினைக்கிறேன்.

ஆனால் காமிக்ஸ் இல்லாவிட்டாலும் கௌபோய் படம் எங்களுக்கு அந்நியமாக இருந்திராது. வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே, பொழுது படுகிற பக்கம், படுவான்கரை. வயலும் காடும் மாட்டுப்பட்டியும் அங்கே. குறிசுட்ட மாடு, களவுபோன மாடு, மாட்டைத் தேடிப் போனவன் திரும்பாத கதை, இதெல்லாம் எங்கள் ஊர்களில் டெக்சாஸுக்கு முந்திய சமாச்சாரம். எழுவான்கரையில் குடியிருந்து படுவான்கரையில் வயலும் பட்டியும் வைத்திருந்த முஸ்லிம்கள் 1990க்குப் பிறகு பல வருடங்கள் அந்தப் பக்கம் கால்வைக்க முடியவில்லை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்காகத் தமிழ்ப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மாட்டுக்காரனுக்கும் காணி பிடிக்க வருகிறவனுக்கும் நடுவிலான வழக்கு கௌபோய் படங்களின் பாதிக் கதை. நமக்கு அது செய்தி.

சென்ற வருடம் காத்தான்குடியில் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில், இஷாவுக்குப் பிறகு, சுவரில் வெள்ளைச் சீலை கட்டி இந்தப் படத்தைப் பார்த்தோம். எட்டொன்பது பேர். மூன்று பேர் இருபது வயதுகளில் இருப்பவர்கள், 1990ஐக் கேள்வியால் மட்டும் அறிந்தவர்கள். ஆரையம்பதியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அரிசி வியாபாரி ஒருவர். அவருடைய காக்கா 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டுபோகப்பட்டவர்களில் ஒருவர். வீட்டுப் பெண்கள் நடுக்கதவின் நிலைக்கு அந்தப் பக்கம் பாய்போட்டு இருந்தார்கள். நண்பர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்.

தேடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு காட்சி வரும். கல்லுக்குக் கீழே புதைத்திருந்த ஒரு கொமாஞ்சியின் பிணத்தைக் கண்டெடுக்கிறார்கள். ஈதன் துப்பாக்கியை எடுத்து அந்தப் பிணத்தின் இரண்டு கண்களிலும் சுடுகிறான். எதற்கு என்று கூட வந்த போதகர் கேட்கிறார். கொமாஞ்சிகளின் நம்பிக்கைப்படி கண்ணில்லாதவன் ஆவியுலகுக்குள் போக முடியாது, காற்றுகளுக்கிடையில் என்றென்றைக்கும் அலைய வேண்டியதுதான் என்று ஈதன் விளக்குகிறான். எதிரியின் மார்க்கத்தை அவன் அவ்வளவு துல்லியமாகப் படித்து வைத்திருக்கிறான், அதை வைத்தே எதிரியை வதைப்பதற்காக. விமர்சகர்கள் இக்காட்சியைக் கடைசிக் காட்சியோடு இணைத்து, அலைய விதிக்கப்பட்டவன் ஈதனே என்று எழுதுவார்கள். எழுதட்டும். விறாந்தையில் நடந்தது வேறு. இளைஞர்களில் ஒருவன், "அப்பிடித்தான் செய்யணும்" என்று தொடையில் தட்டினான். அரிசி வியாபாரி மெதுவாகச் சொன்னார்: "மௌத்தானவன்ட கண்ணுல என்னத்துக்கு மனே சுடுறான்?"

அவர் அதற்குமேல் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை. குருக்கள்மடத்தில் கொல்லப்பட்டவர்களின் ஜனாஸாக்கள் குடும்பங்களின் கைக்கு வரவில்லை. தோண்டித் தாருங்கள் என்று அந்தக் குடும்பங்கள் வருடக்கணக்காகக் கேட்டார்கள். குளிப்பாட்டிக் கபனிட்டு மண்ணில் வைக்காத மௌத்து எப்படிப்பட்டது என்பதை இந்த ஊர் அறியும். பிறகு 2020இல் கொவிட்டின் பெயரால் முஸ்லிம்களின் மையித்துகளை எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் அடக்கம் செய்ய முடிந்தது, அதுவும் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஓட்டமாவடிக்குக் கொண்டுவந்து. பிணத்தைத் தண்டிப்பது என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ள எங்களுக்குக் கொமாஞ்சிச் சமயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஷைவ்லியின் பார்வையாளர்களில் ஒருவரும் ஸ்காரின் பக்கம் போகவில்லை என்றேன். இந்த வியாபாரியும் போகவில்லை. ஆனால் ஈதனோடு போய்க்கொண்டிருந்தவர் அந்தப் பிணத்தருகே குதிரையிலிருந்து இறங்கிவிட்டார். இந்தப் படத்தின் பார்வையாளரை அளக்க வேறு அளவுகோல் வேண்டியதில்லை: எந்த இடத்தில் இறங்குகிறார்?

தமிழாசிரியர் இறங்கிய இடம் இன்னும் பின்னால். ஈதன் ஸ்காரை நேருக்கு நேர் காணும்போது, தன் இரண்டு மகன்மாரை வெள்ளையர் கொன்றதாகவும் ஒவ்வொரு மகனுக்காகவும் பல தலைத்தோல்கள் எடுத்ததாகவும் ஸ்கார் சொல்கிறான். ஒரே ஒரு வசனம்தான். (ஸ்காராக நடித்த ஹென்றி பிரெண்டன் ஜெர்மனியில் பிறந்த வெள்ளையர். அவரைச் சுற்றி நின்ற நவஹோக்கள் நிஜமானவர்கள், அவர்களுக்கு வசனம் இல்லை.) ஆசிரியர் படத்தை நிறுத்தச் சொன்னார். "அந்த ரெண்டு பொடியன்களின்ர கதைய ஏன் எடுக்கேல்ல?" என்று கேட்டார். 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோனவர்களில் அவருடைய மாணவர்களும் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கேள்வியை நம் எழுத்திடமும் கேட்க வேண்டியிருக்கிறது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாயல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டார்கள். ஓகஸ்ட் 12இல் ஏறாவூர். அதற்குப் பின் கிழக்கு முஸ்லிம்கள் எழுதிய கவிதைகளும் கதைகளும் ஒரு பேரிழப்பின் பதிவுகள். அவை எழுதப்பட்டே ஆகவேண்டியவை, தமிழ் இலக்கியம் அவற்றைக் கண்டும் காணாமலும் இருந்த காலமொன்றும் இருந்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் எதிரில் வருகிறவனுக்கு முகம் இல்லை. துப்பாக்கி இருக்கும், நிழல் இருக்கும். ஸ்காருக்குக் கிடைத்த அந்த ஒரு வசனம்கூட அவனுக்குக் கிடைப்பதில்லை. ஊர்காவல் படையில் இருந்த எம்மவர் சிலரின் கைகளில் என்ன இருந்தது என்பதையும் நம் கதைகள் மெல்லக் கடந்து போகின்றன. மறுபக்கத்துப் போர் இலக்கியம் இதைவிட மோசம். அதில் முஸ்லிம் ஒரு பாத்திரமாகவே வருவதில்லை. அது அவர்களுடைய கணக்கு, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம்முடைய சிறுகதையாளர் ஒருவர் அந்த இரண்டு மகன்மாரை எழுதுவாரானால் அது காட்டிக்கொடுப்பு ஆகிவிடாது. ஃபோர்ட் ஒரு வசனத்தோடு பயந்து விட்டுவிட்டதை முழுதாக எழுதியதாகும்.

2013இல் கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' வந்தபோது முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பினால் தமிழ்நாட்டு அரசு 15 நாள் தடை போட்டது. இங்கும் கொதித்தோம். திரையில் கெட்டவன் தொழுதுவிட்டுக் கழுத்தறுக்கிறான் என்றால் அந்தத் தொழுகை என்னுடையது என்பதால் எனக்கு உறைக்கிறது. நியாயம். அதே நாங்கள் கொமாஞ்சி விழும்போது தொடையில் தட்டுகிறோம். தடை கேட்பதைவிட, தட்டிய கையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது கஷ்டமான வேலை.

ஈதனின் வெறுப்பின் மூலம் இரத்தம் பற்றிய ஒரு கணக்கு. மார்ட்டினின் எட்டில் ஒரு பங்கு அவனுக்கு உறுத்துகிறது. மீட்கப்பட்ட வெள்ளைப் பெண்கள் சித்தம் கலங்கி இருக்கும் இடத்தில் அவன் திரும்பிப் பார்க்கும் பார்வையைக் கமரா நெருங்கிப் பிடிக்கிறது. அவர்கள் இனி வெள்ளையரே அல்ல என்கிறான். அவன் மட்டுமா? மணப்பெண் உடையில் நிற்கும் லோரி, மார்ட்டினைக் காதலிக்கிற நல்ல பெண், டெபியைச் சுட்டுவிடுவதைத்தான் அவளுடைய தாயும் விரும்பியிருப்பாள் என்று மார்ட்டினிடம் சொல்கிறாள். படத்தின் மிகப் பயங்கரமான வசனம் வெய்னின் வாயில் வரவில்லை, இவள் வாயில் வருகிறது. இது ஒரு தனிமனிதனின் பைத்தியம், ஊர் நல்லது என்று தப்பிக்கொள்ள நினைத்த விமர்சகர்கள் லோரியை மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கை வாவியோரத்தில் போட்டுப் பாருங்கள். முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை மூண்டபோது பட்டாணியர் முக்குவருக்கு உதவித் திமிலரை விரட்டினார்கள், அதற்குக் கைம்மாறாக முக்குவப் பெண்களை மணந்து ஏறாவூரில் குடியிருந்தார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சரித்திரமா என்று கேட்டால் சரித்திரக்காரர் தலையைச் சொறிவார்கள். ஆனால் தாய்வழியில் வரும் குடி எங்களிடமும் இருக்கிறது, தமிழரிடமும் இருக்கிறது. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறான். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இந்த ஒற்றுமையை விரிவாகவே காட்டியிருக்கிறார். ஈதனின் கணக்குப்படி இந்த வாவியோரத்து முஸ்லிம்களின் மூத்தும்மாமார் எல்லோரும் டெபிகள். இதை நான் விறாந்தையில் சொன்னபோது இளைஞர்கள் ரசிக்கவில்லை. மௌனமாக இருந்தார்கள். கலப்பில்லாத ஒரு வம்சாவளியை அறபு நாட்டிலிருந்து நேரே இறக்கிக்கொள்ளும் விருப்பம் கடந்த நாற்பது வருடங்களில் நம்மிடையே வளர்ந்திருக்கிறது. 1990 அதற்கு நீர் ஊற்றியது. எதிரியோடு சொந்தம் இருந்ததென்பதை எந்தச் சமூகமும் விரும்பி ஒத்துக்கொள்வதில்லை.

கைம்மாறாகப் பெண் கொடுத்தார்கள் என்று அந்தப் பழங்கதையை நான் முடிப்பதற்குள் கதவின் அந்தப் பக்கத்திலிருந்து நண்பரின் ராத்தா கேட்டார்: "அந்தப் புள்ளையளுக்கிட்ட கேட்டாங்களா?" நான் திமிலர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு கதையையும் சேர்த்துத்தான் கேட்டிருக்க வேண்டும்.

படத்தின் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. டெபி முதன்முதல் பேச வாய்க்கும்போது, மணல்மேட்டிலிருந்து ஓடிவந்து மார்ட்டினை எச்சரிக்கிறாள். இவர்கள்தான் என் சனம், நீ போய்விடு என்கிறாள். தெளிவான பேச்சு. ஈதன் அவளைச் சுட வருகிறான், மார்ட்டின் குறுக்கே நிற்கிறான், அம்பு பாய்கிறது, ஓடுகிறார்கள். அடுத்த முறை மார்ட்டின் இரவில் அவள் கூடாரத்துக்குள் புகும்போது அவள் அலறுகிறாள், உடனே அவனோடு வரச் சம்மதிக்கிறாள். ஏன்? இடையில் அவளுக்கு என்ன நடந்தது? படம் மூச்சு விடவில்லை. ஈதனின் மனமாற்றத்துக்கும் காரணம் சொல்லவில்லைதான். ஆனால் அதற்காக விமர்சகர்கள் அறுபது வருடமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். துரத்திப் பிடித்துக் கொல்லப்போகிறவன் திடீரென அவளை உயரே தூக்கி, வீட்டுக்குப் போவோம் என்கிறான். கோடார் அழுகிறார், நானும் ஒவ்வொரு முறையும் கலங்கித்தான் போகிறேன். முதற்காட்சியில், சின்னப்பிள்ளையாக அவளை அதேபோல் தூக்கியது கைகளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். அற்புதமான காட்சி. ஆனால் அவளுடைய மனமாற்றம் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. ஒருவனின் மனம் மாறியது புதிர். ஒருத்தியின் மனம் மாறியது கதைக்குத் தேவை. அவ்வளவுதான்.

கடைசியில் அயல்வீட்டுக்காரர்கள் டெபியை அணைத்து இருண்ட வீட்டுக்குள் கூட்டிப்போகிறார்கள். கமரா வீட்டுக்குள்ளிருந்து வெளியே நிற்கும் ஈதனைப் பார்க்கிறது. கதவு சாத்தப்படுகிறது. உலகம் முழுவதும் பேசிய சட்டகம் இது. எல்லோரும் வெளியே நிற்பவனுக்காக இரங்கினார்கள். உள்ளே போனவள் எந்த மொழியில் பேசினாள், இரவில் யாரை நினைத்து அழுதாள் என்று கேட்க அந்தச் சட்டகத்தில் இடமில்லை.

கதவுக்கு உள்ளே நடந்ததற்குச் சரித்திரத்தில் ஒரு சாட்சி உண்டு. அலன் லி மே 1954இல் எழுதிய மூலநாவலுக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்படுவது சிந்தியா ஆன் பார்க்கரின் வாழ்க்கை. 1836இல் டெக்சாஸில் சிறுமியாகக் கொமாஞ்சிகளால் கடத்தப்பட்டவள். கொமாஞ்சியாகவே வளர்ந்து, கொமாஞ்சி ஒருவருக்கு மனைவியாகி மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். ஒரு மகன் குவானா பின்னாளில் பெயர்பெற்ற தலைவர். 1860இல் டெக்சாஸ் படைகள் அவளை 'மீட்டன'. 24 வருடங்கள். வெள்ளை உறவினர்களிடமிருந்து அவள் மீண்டும் மீண்டும் தப்பியோட முயன்றாள், விடவில்லை. கூடவே கொண்டுவரப்பட்ட சின்ன மகளும் நோயில் இறந்தாள். மகன்மாரை அவள் மறுபடி காணவேயில்லை. மீட்கப்பட்ட பிறகு எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருக்கிறது. கொமாஞ்சிகளிடையே அது துக்கம் காக்கும் அடையாளம். மடியில் அந்த மகள் பால்குடித்துக்கொண்டிருக்கிறாள். சிந்தியா ஆன் கமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.